கூண்டும் கூட்டமும்: உறைவிடமும் கிளர்வூட்டிகளும்

சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கி 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் செல்வோரின் கண்ணில் மூன்று காட்சிகள் தவறாமல் படும். முட்டைக் கோழிகளைக் கம்பிக் கூண்டுகளில் வரிசையாக அடைத்து வைத்திருக்கும் நீண்ட கொட்டகைகள் ஒன்று. உயர்ந்த மதில்களுக்குள் நிற்கும் உறைவிடப் பள்ளிகள் மற்றொன்று. தார்ப்பாய் போர்த்திச் சாலையோரம் அணிவகுத்து நிற்கும் லாரிகள் மூன்றாவது. தோற்றத்தில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இம்மூன்றுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. மூன்றும் உறைவிடங்கள். ஓர் உயிர் யாருடன், எவ்வளவு இடத்தில், எந்த நிலையில் தன் நாள்களைக் கழிக்க வேண்டும் என்பதை அந்த உயிரைக் கேளாமலே முடிவு செய்யும் இடங்கள்.

உறைவிடம் என்பதை நாம் பெரும்பாலும் வசதி பற்றிய செய்தியாகவே கருதுகிறோம். அது மூளையின் வேதியலைப் பற்றிய செய்தியும் ஆகும் என்பதைக் கடந்த எண்பது ஆண்டுகால ஆய்வுகள் படிப்படியாக நிறுவி வந்துள்ளன. ஒரே போதைப்பொருள், ஒரே அளவில், தனித்து வாழும் விலங்கிடம் ஒரு விளைவையும் கூடி வாழும் விலங்கிடம் வேறொரு விளைவையும் உண்டாக்குகிறது. கூடி வாழ்வனவற்றுள்ளும் மேல்நிலையில் உள்ளதற்கும் கீழ்நிலையில் உள்ளதற்கும் விளைவு வேறுபடுகிறது. ஆய்வுக்கூட விலங்குகளைக் கொண்டு கண்டறியப்பட்ட இவ்வுண்மைகள், போதையில் விழுந்த இளைஞனை என்ன செய்வது என்று அறியாது திகைக்கும் குடும்பங்களுக்கும் மஹல்லாக்களுக்கும் நேரடியான செய்தி ஒன்றைச் சொல்கின்றன. அதை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிளர்வூட்டிகள் செய்யும் வேலை

நரம்பு மண்டலத்தை முடுக்கிவிட்டு, உறக்கத்தையும் பசியையும் தள்ளிவைத்து, சிறிது நேரத்திற்கு ஊக்கமும் களிப்பும் தரும் பொருள்களையே கிளர்வூட்டிகள் என்கிறோம். காப்பியிலும் தேநீரிலும் உள்ள கஃபீன் இவற்றுள் மிக மென்மையானது. புகையிலையில் உள்ள நிகோடின் அதனினும் வலிய பிடிப்புடையது. கோகெயின், ஆம்ஃபிடமைன், மெத்தாம்ஃபிடமைன் ஆகியவை மிகக் கடுமையானவை. யேமன் நாட்டில் பிற்பகல் கூட்டங்களில் மெல்லப்படும் காத் இலையிலுள்ள கத்தினோன், ஆம்ஃபிடமைனுக்கு நெருங்கிய உறவுடைய வேதிப்பொருளாகும்.

நம் நாட்டில் கடும் கிளர்வூட்டிகளின் பரவல் இன்னும் குறைவே. மத்திய சமூகநீதி அமைச்சகத்திற்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையிலான மக்களில் ஆம்ஃபிடமைன் வகைப் பொருள்களைப் பயன்படுத்தியோர் 0.18 விழுக்காடு, கோகெயின் பயன்படுத்தியோர் 0.10 விழுக்காடு. ஆனால் 2016-17ஆம் ஆண்டின் புகையிலைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களுள் 28.6 விழுக்காட்டினர் புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்துவது தெரியவந்தது. ஆகவே கிளர்வூட்டி என்பது எங்கோ பெருநகர விருந்துகளில் மட்டும் புழங்கும் பொருளன்று. லாரி ஓட்டுநரின் சட்டைப் பையிலும் விசைத்தறிக்கூடத்தின் இரவுப் பணியிலும் அது இருக்கிறது.

இப்பொருள்கள் மூளையில் என்ன செய்கின்றன? நரம்பணு ஒன்று மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பும்போது, இரண்டுக்கும் நடுவேயுள்ள நுண்ணிய இடைவெளியில் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. அடுத்த நரம்பணுவின் மேலுள்ள ஏற்பிகள் அதைப் பற்றிக்கொள்கின்றன. வேலை முடிந்ததும் சுரந்த நரம்பணுவே அதனை மீண்டும் உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. இவ்வாறு சுரக்கும் பொருள்களுள் டோபமைன் என்பது நாட்டத்தோடும் ஊக்கத்தோடும் தொடர்புடையது. இன்னதை மீண்டும் தேடு என்று மூளைக்குக் கற்றுக்கொடுப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. கோகெயின் மீளுறிஞ்சும் வாயிலை அடைத்துவிடுகிறது. ஆம்ஃபிடமைன் அவ்வாயிலை எதிர்த்திசையில் இயங்கச் செய்து, உள்ளே சேமிப்பிலிருக்கும் டோபமைனையும் வெளியே கொட்டச் செய்கிறது. நிகோடின், டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்களைத் தூண்டிவிடுகிறது. கஃபீனின் வழி வேறு. களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற பொருளுக்குரிய ஏற்பிகளை அது மறித்துக்கொள்கிறது.

வேதியலை இவ்வளவோடு நிறுத்திவிட்டால், போதை என்பது பொருளுக்கும் நரம்பணுவுக்கும் இடையிலான விவகாரம் என்று தோன்றும். அவ்விரண்டுக்கும் இடையே உறைவிடம் நுழைவதைக் காட்டிய முதல் சோதனைகளில் ஒன்று 1946-ல் நடந்தது.

நெருக்கம் கொல்லும், தனிமை திருத்தியமைக்கும்

அவ்வாண்டில் மைக்கேல் சான்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஆம்ஃபிடமைனின் நச்சுத்தன்மையைச் சுண்டெலிகளில் அளந்தார். தனித்தனியே வைக்கப்பட்ட சுண்டெலிகள் தாங்கிக்கொண்ட அளவு, ஒரே கூண்டில் பலவற்றை நெருக்கி வைத்தபோது அவற்றைக் கொன்றது. மருந்து அதுவே, விலங்கின் இனமும் அதுவே. கூண்டில் எத்தனை பேர் என்பது மட்டுமே மாறியது. நெருக்கத்தில் உடல் வெப்பம் ஏறுவதும், ஒன்றையொன்று கிளர்வூட்டுவதும், இளைப்பாற இடமின்மையும் சேர்ந்து உயிரைப் பறிக்கின்றன என்று பின்வந்தோர் விளக்கினர். கூட்டம் என்றாலே நலம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இது முதல் பாடம்.

தனிமையின் கதை வேறு வகையானது. எலி கூடி வாழும் இயல்புடையது. பால்குடி மறந்த பருவத்திலேயே அதைப் பிரித்துத் தனிக்கூண்டில் வளர்த்தால், வளர்ந்தபின் அதன் மூளை வேறுவிதமாக அமைகிறது. இத்தகைய எலிகளுக்கு ஆம்ஃபிடமைன் கொடுக்கும்போது, கூடி வளர்ந்த எலிகளைவிட அதிகமான டோபமைன் வெளிப்படுவதை 1990-களின் தொடக்கத்தில் ஆங்கில ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. விடலைப் பருவத்தில் தனித்து அடைக்கப்பட்ட எலிகள், ஆம்ஃபிடமைன் கிடைத்த இடத்தை விரைவாக நினைவிற்கொண்டன. அந்நினைவை மறக்கச் செய்வதும் கடினமாயிற்று. பின்னர் அவற்றை மற்ற எலிகளோடு சேர்த்து வைத்தும் இம்மாற்றம் நீங்கவில்லை. தனிமை, போதையின் இன்பத்தை மிகைப்படுத்தியது என்பதைவிட, போதையைக் கற்றுக்கொள்ளும் திறனைக் கூர்மையாக்கியது என்பதே பொருத்தமாகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. எலிப் பூங்கா என்ற பெயரில் பரவலாகப் பேசப்படும் சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். கனடாவில் புரூஸ் அலெக்சாண்டர் என்பவர் 1970-களின் இறுதியில், விசாலமான இடத்தில் கூடி வாழ்ந்த எலிகள் தனிக்கூண்டு எலிகளைவிடக் குறைவாகவே மார்ஃபின் கலந்த நீரைப் பருகியதைக் காட்டினார். அது கிளர்வூட்டி பற்றிய சோதனையன்று. அதைத் திரும்பச் செய்த எல்லோருக்கும் அதே முடிவு கிட்டவும் இல்லை. ஆகவே நல்ல சூழல் இருந்தால் போதையே இராது என்று அதைக் கொண்டு வாதிடுவது மிகைக்கூற்று. உறுதியான சான்றுகள் வேறிடத்தில் உள்ளன.

கூட்டத்திற்குள் ஒரு படிநிலை

அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள வேக் ஃபாரெஸ்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் நேடரும் அவரது குழுவினரும் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பமாகக் கருதப்படுகிறது. டிரேக் மார்கன் முதலாசிரியராக இருந்த அவ்வாய்வில் 20 ஆண் மக்காக் குரங்குகள் இடம்பெற்றன. முதலில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவை தனித்தனியே வைக்கப்பட்டன. டோபமைனைப் பற்றிக்கொள்ளும் டி2 என்ற ஏற்பிகள் எவ்வளவு உள்ளன என்பது படமெடுத்து அளக்கப்பட்டது. அப்போது அவற்றினிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பின்னர் நான்கு நான்காகச் சேர்த்து மூன்று மாதம் வைக்கப்பட்டன. ஒவ்வொரு கூட்டத்திலும் விரைவிலேயே ஒரு படிநிலை உருவாயிற்று. சில அதிகாரம் செலுத்தின. சில அடங்கி நடந்தன.

மீண்டும் படமெடுத்தபோது, மேல்நிலை பெற்ற குரங்குகளில் டி2 ஏற்பிகளின் அளவு 20 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்திருந்தது. அடங்கிப்போன குரங்குகளில் தனிமைக் காலத்து நிலையே நீடித்தது. அடுத்து, விசையை அழுத்தினால் கோகெயின் கிடைக்கும் வாய்ப்பு அவற்றுக்கு அளிக்கப்பட்டது. அடங்கிய குரங்குகள் அதை நாடி எடுத்துக்கொண்டன. மேல்நிலைக் குரங்குகளிடம் அந்நாட்டம் எழவில்லை.

இதன் உட்கருத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது. அடங்கிப்போன குரங்கு தனித்திருக்கவில்லை. அதைச் சுற்றி மூன்று குரங்குகள் இருந்தன. ஆனால் அதன் மூளை, தனிக்கூண்டிலிருந்த காலத்து மூளையாகவே இருந்தது. கூட்டத்தில் இருப்பதும் கூட்டத்தில் இடம்பெற்றிருப்பதும் ஒன்றல்ல என்பதை வேதியலின் மொழியில் இவ்வாய்வு கூறுகிறது.

மனிதரிடமும் இதற்கு இணையான குறிப்புகள் கிடைத்துள்ளன. நோரா வோல்கோவ் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், போதைப் பழக்கமற்ற ஆண்களுக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற கிளர்வூட்டி மருந்து செலுத்தப்பட்டது. டி2 ஏற்பிகள் குறைந்திருந்தோர் அது இன்பமாக இருந்தது என்றனர். மிகுந்திருந்தோர் அதை வெறுத்தனர். 2010-ல் நியூயார்க்கில் வெளியான மற்றோர் ஆய்வு, சமூக நிலையும் தமக்குப் பிறர் துணை உண்டு என்ற உணர்வும் உயர்ந்திருந்தோரிடம் இவ்வேற்பிகள் மிகுந்திருந்ததைக் கண்டது. பங்கேற்றோர் சிலரே என்பதால் இதைச் சட்டமாகக் கொள்ள முடியாது. ஆயினும் குரங்குகளிடம் கண்டதோடு அது பொருந்தி வருகிறது.

ஒரே அடியில் எல்லாவற்றையும் விளக்கும் கோட்பாடாக இதை ஆக்கிவிடவும் கூடாது. அதே நேடர் குழுவினர் பெண் குரங்குகளை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டபோது முடிவு தலைகீழாயிற்று. மேல்நிலைப் பெண் குரங்குகளிடம் டி2 ஏற்பிகள் மிகுந்திருந்தும், அவையே கோகெயினுக்கு எளிதில் வசப்பட்டன. ஆண்களைப் பற்றிய முடிவைப் பெண்கள் மேல் அப்படியே ஏற்றக் கூடாது என்பதை இது உணர்த்துகிறது. மேலும், நீண்டகாலம் கோகெயினுக்கு ஆட்பட்ட ஆண் குரங்குகளில் படிநிலை தந்த பாதுகாப்பு மங்கிப்போனதும் கண்டறியப்பட்டது. சமூக நிலை அரணாக இருப்பது தொடக்க நிலையில்தான். போதைப் பழக்கம் முற்றியபின் அவ்வரண் இடிந்துவிடுகிறது.

தோழமை எப்போது வெல்கிறது?

அவ்வாறாயின் பழக்கம் முற்றியவருக்கு வழியில்லையா? இக்கேள்விக்கு விடைதேடிய ஆய்வுகளுள் மூன்று நம் கவனத்திற்குரியவை.

முதலாவது, பிரான்ஸ் நாட்டில் மார்செல்லோ சொலினாஸ் குழுவினர் 2008-ல் வெளியிட்டது. கோகெயினுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட சுண்டெலிகளை, துணையும் ஓடியாடப் பொருள்களும் நிறைந்த விசாலமான உறைவிடத்தில் 30 நாள் வைத்தபோது, அடிமைத்தனத்தின் அடையாளமான நடத்தைகள் அகன்றன. ஆனால் வளமான சூழலில் வளர்ந்த சுண்டெலிகளை அங்கிருந்து பிரித்து வெறுங்கூண்டுக்கு மாற்றியபோது, அவை கோகெயினுக்கு எளிதில் இரையாயின என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. நல்ல உறைவிடம் ஒருமுறை கொடுத்து முடிக்கும் மருந்தன்று. அது தொடர வேண்டும்.

இரண்டாவது, அமெரிக்காவின் மார்க் ஸ்மித் என்பவர் எலிகளை இணை இணையாக வைத்துச் செய்தது. உடனிருக்கும் எலியும் கோகெயின் எடுத்துக்கொண்டால், முதல் எலி எடுத்துக்கொள்ளும் அளவு கூடிற்று. உடனிருக்கும் எலிக்குக் கோகெயின் கிடைக்காதபோது அளவு குறைந்தது. துணை என்பது தன்னளவில் நன்மையோ தீமையோ அன்று. அத்துணை என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது ஆய்வே நம் கேள்விக்கு மிக நெருங்கியது. மார்கோ வென்னிரோ, யாவின் ஷஹாம் ஆகியோரின் குழு 2018-ல் இதை வெளியிட்டது. மெத்தாம்ஃபிடமைனுக்கு நன்கு பழக்கப்பட்ட எலிகளின் முன் இரண்டு விசைகள் வைக்கப்பட்டன. ஒன்றை அழுத்தினால் போதைப்பொருள். மற்றொன்றை அழுத்தினால் ஒரு கதவு திறந்து, அப்பால் இன்னோர் எலியோடு சிறிது நேரம் பழகலாம். எலிகள் பெரிதும் தோழமையையே தேர்ந்தெடுத்தன. பழக்கத்தின் கடுமை மிகுந்தவையும் அவ்வாறே செய்தன. போதைப்பொருளை வலுக்கட்டாயமாக நிறுத்தினால் நாள் செல்லச்செல்ல வேட்கை வளர்வது வழக்கம். தோழமையைத் தாமே தேர்ந்து போதையைக் கைவிட்ட எலிகளிடம் அவ்வளர்ச்சி காணப்படவில்லை.

இந்த ஆய்வின் பிற்பகுதியை நாம் மறக்கலாகாது. விசையை அழுத்திய உடனே கதவு திறக்காமல் காலந்தாழ்த்தித் திறக்கும்படி ஆய்வாளர்கள் மாற்றியமைத்தனர். வேறொரு முறை, தோழமையைத் தேர்ந்தால் காலில் மின்னதிர்ச்சியும் சேர்ந்து வரும்படி செய்தனர். இரண்டிலும் எலிகள் போதைப்பொருளுக்கே திரும்பின. தோழமைக்குப் போதையை வெல்லும் ஆற்றல் உண்டு. அது அருகில் இருக்க வேண்டும், தண்டனையோடு வரக்கூடாது.

மக்காவில் ஒரு விசாரணை

கிளர்வூட்டும் பொருளையும் அது பருகப்படும் கூட்டத்தையும் பிரித்தறிய வேண்டிய தேவை இஸ்லாமிய வரலாற்றில் வெகுமுன்னரே எழுந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் யேமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ருகளில் விழித்திருக்கக் காப்பி அருந்தினர். அது மக்காவை அடைந்தபின், 1511-ல் அந்நகரின் முஹ்தஸிப் பொறுப்பிலிருந்த காயிர் பேக், சிலர் இரவில் கூடிக் காப்பி பருகுவதைக் கண்டு ஐயுற்றார். மார்க்க அறிஞர்களின் அவையைக் கூட்டினார். மருத்துவர்கள் சாட்சியம் அளித்தனர். காப்பி தடைசெய்யப்பட்டது. ஆனால் கெய்ரோவிலிருந்து வந்த அரசாணை, கூட்டங்களில் நிகழும் ஒழுங்கீனத்தைக் கண்டித்ததே ஒழிய, பானத்தை அடியோடு விலக்கவில்லை. பொருளைக் குறித்த தீர்ப்பு ஒன்று. அது புழங்கும் அவையைக் குறித்த தீர்ப்பு வேறொன்று என்ற பகுப்பு அங்கே தெளிவாயிற்று. அதே நூற்றாண்டில் அப்துல் காதிர் அல்ஜஸீரி காப்பியின் ஆகுமான தன்மை குறித்து எழுதிய நூலே இவ்விவாதத்தை நாம் அறிவதற்குரிய முதன்மைச் சான்றாகும்.

அப்பானம் நம் மண்ணையும் வந்தடைந்தது. பாபா புதன் யேமனிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பியைப் பயிர்செய்தார். ஏற்காட்டுத் தோட்டங்களின் தொடக்கம் அதுவே. காப்பிக்குச் சொல்லப்படும் இலேசான தீர்ப்பு, மெத்தாம்ஃபிடமைனுக்கு ஒருபோதும் பொருந்தாது. அறிவை மயக்கி உடலை அழிக்கும் பொருளின் மீதான விலக்கில் ஐயத்திற்கு இடமில்லை. நாம் கற்க வேண்டியது அந்தப் பகுப்பை மட்டுமே. பொருளைத் தடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. மனிதன் எந்த அவையில், எந்த உறைவிடத்தில் இருக்கிறான் என்பதையும் தனியே விசாரிக்க வேண்டும். மனிதன் இயல்பிலேயே கூடி வாழ்பவன் என்ற அடித்தளத்தின் மீதே இப்னு கல்தூன் 1377-ல் தம் முகத்திமாவில் சமூக இயலைக் கட்டினார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

சமவெளியின் உறைவிடங்கள்

இப்போது நாமக்கல் சாலைக்குத் திரும்புவோம். நாமக்கல், சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் செல்கின்றன. ஓட்டுநரின் உறைவிடம் ஓட்டும் அறையே. அங்கே அவர் உண்கிறார், உறங்குகிறார், வாரக்கணக்கில் வாழ்கிறார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் தொழிலாளர்கள் மொழி தெரியாத ஊர்களில் மாதக்கணக்கில் வண்டியோடு வண்டியாகக் கிடக்கின்றனர். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று விதித்திருந்தது. நெடுந்தூரப் பயணங்களுக்கும் 10 மணி நேரமே எல்லையாக இருந்தது. சரக்கை விரைந்து சேர்க்க வேண்டிய நெருக்கடியில் அவ்வெல்லை கடக்கப்படும் இடத்தில்தான், உறக்கத்தை விரட்டும் புகையிலைப் பொட்டலத்திற்குத் தேவை பிறக்கிறது. தமிழக அரசு 2013-ல் குட்கா, பான் மசாலா விற்பனைக்குத் தடை விதித்தது. தடை தேவையானதே. ஆயினும் விழித்திருக்க வேண்டிய கட்டாயத்தைத் தடை தொடவில்லை.

மேற்கண்ட ஆய்வுகள் கோகெயினையும் ஆம்ஃபிடமைனையும் பற்றியவை. அவற்றின் அளவுகளைப் புகையிலைக்கு அப்படியே பெயர்க்க முடியாது. எனினும் அவை எழுப்பும் கேள்விகளை லாரியைப் பார்த்துக் கேட்கலாம். ஓட்டுநருடன் கிளீனர் செல்கிறாரா, தனியே செல்கிறாரா? உடன் செல்பவர் புகையிலை மெல்லுகிறவரா? வழியில் இளைப்பாற இடமுண்டா? ஊர் திரும்பும்போது மதிப்போடு வரவேற்கும் வீடும் பள்ளிவாசல் வரிசையில் ஓரிடமும் அவருக்கு உண்டா? 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிரூட்டும் வசதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. உறைவிடம் குறித்த அக்கறை சட்டத்திலும் நுழையத் தொடங்கியிருப்பதற்கு அது ஓர் அடையாளம்.

உறைவிடப் பள்ளி எலிக்கூண்டன்று. அவ்வாறு ஒப்பிடுவது அங்கு உழைக்கும் ஆசிரியர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். ஆயினும் பிள்ளையை விடுதியில் சேர்க்கும் பெற்றோர், அங்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்பதோடு நில்லாமல், மதிப்பெண் வரிசையில் கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு அங்கே என்ன இடம் என்றும் கேட்க வேண்டும். விடலைப் பருவத்துத் தனிமை பின்னாளில் எளிதில் ஆறுவதில்லை என்பதையும், நூறு பேர் நடுவிலும் ஒருவன் தனித்திருக்க முடியும் என்பதையும் மேலே கண்டோம்.

நாம் செய்யக் கூடியது

போதையில் விழுந்த இளைஞனை நம் சமூகம் நடத்தும் முறைகள் சில எல்லோரும் அறிந்தவை. அறையில் பூட்டி வைத்தல், வெளியூருக்கு அனுப்பிவிடுதல், உறவினர் பேச்சை நிறுத்துதல், ஜமாஅத்தில் வைத்து இழிவுபடுத்துதல் முதலியன. இவற்றைச் செய்வோரும் அன்பினாலோ அச்சத்தினாலோதான் செய்கின்றனர். ஆனால் ஆய்வின் ஒளியில் பார்த்தால், பூட்டிய அறை தனிக்கூண்டாகிறது. இழிவு, அடங்கிய குரங்கின் நிலையைத் தருகிறது. மன்னிப்பைப் பல மாதம் தள்ளிப்போடுவது காலந்தாழ்த்தித் திறக்கும் கதவாகிறது. போதையின் பிடியைத் தளர்த்த வேண்டிய கை, அதனை இறுக்கிவிடுகிறது. அடைத்து வைத்தல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஏர்வாடி நம் கண்முன் உள்ளது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கு ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். அவர்கள் மனநோயாளிகள், போதைக்கு ஆட்பட்டோர் அல்லர். ஆயினும் குணமாக்குவதற்காகப் பிணைத்தல் என்ற சிந்தனை ஒன்றே.

வேறு வழியும் தமிழகத்திலேயே சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது. சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், 1989-ல் தஞ்சை வட்டாரத்து மஞ்சக்குடியில் குடிநோயாளிகளுக்கான சிகிச்சை முகாம் ஒன்றை நடத்தியது. நோயாளியை ஊரிலிருந்து பெயர்த்து நகருக்குக் கொண்டு செல்லாமல், சிகிச்சையை ஊருக்குக் கொண்டுவந்தனர். குடும்பத்தாரும் ஊராரும் சிகிச்சையில் பங்கேற்றனர். அது மதுவுக்கான முகாமே. ஆனால் கிளர்வூட்டிகளுக்கு இவ்வழியின் தேவை இன்னும் மிகுதி. கோகெயின், மெத்தாம்ஃபிடமைன் அடிமைத்தனத்திற்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. மனநல ஆலோசனையும், விலகியிருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் உடனுக்குடன் ஊக்கமளிக்கும் பயிற்சி முறைகளுமே சிகிச்சையின் முதுகெலும்பு.

சட்டமும் இதற்கு இடமளிக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு போதைப்பொருள் தொடர்பான வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையான ஒருவர் அரசோ உள்ளாட்சியோ நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெற வழிசெய்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மதுவையும் போதைப்பொருளையும் தவறாகப் பயன்படுத்துவதோடு தொடர்புடைய மனநிலைகளை மனநோயின் வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது. மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதையும் தடைசெய்துள்ளது. மத்திய அரசின் கட்டணமில்லாப் போதை மீட்பு உதவி எண் 14446. இவற்றை ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

அதனினும் முதன்மையானது, சிகிச்சை முடிந்து திரும்பியபின் தொடர வேண்டிய உறைவிடம். முப்பது நாள் மருத்துவமனையில் தேறியவன் பழைய அறைக்கும் பழைய நண்பர்களுக்கும் திரும்பினால், தேறியது நிலைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அவனுக்கு ஒரு வேலையும், உடன் உண்பதற்குப் போதை தொடாத நண்பர் இருவரும், மஹல்லாவில் ஏதேனும் ஒரு பொறுப்பும் கிடைக்கச் செய்வது ஜமாஅத்தின் கைக்கெட்டும் காரியமே. நோன்புக் கஞ்சி காய்ச்சும் பணியாயினும், மையித்து வீட்டில் ஓடியாடிச் செய்யும் ஊழியமாயினும், பிறர் தன்னை நம்பி ஒன்றை ஒப்படைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் அவனுக்கு வேண்டும். அவன் மறுபடி தவறினால் அப்பொறுப்பைச் சில காலம் மற்றொருவர் கவனித்துக்கொள்ளட்டும். சிகிச்சைக்கு அவனை மீண்டும் அழைத்துச் செல்பவர்களும், வீட்டில் அவனுக்கு உணவு எடுத்து வைப்பவர்களும் அதுவரை தம் வேலையை நிறுத்தாதிருக்க வேண்டும்.